வீடு சந்திப்பு

தொலைபேசிக்கு மட்டும்
நாங்கள் இன்னும் ஊரில்தான்.
சின்னப்பாலத்துக் கரையில் காற்று திரும்பினால்
'இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று
அதற்கு ஒரு குறுஞ்செய்தி வரும்.
இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
ஒவ்வொரு முறையும் முழுதாக வாசிப்பார்.
பிறகு அழிப்பார்,
காசு கழிந்துவிடும் என்ற பயத்தில்.

இரண்டு வருஷ ஊழியம் என்று சொல்லி அனுப்பினார்கள்.
கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை,
உப்புப் பூத்த சுவர், இரண்டு கதிரை.
நாற்காலி என்று சொல்லப் பழகிவிட்டேன்.
பாண் கேட்டால் மட்டும் கடைக்காரர்
இன்னும் வெற்றிலைப் பக்கம் திரும்புகிறார்.
மாதக் கடைசியில் சபைக்கு ஒரு பதிவேடு:
வீடு சந்திப்பு, ஜெபக்கூட்டம், புதிதாக வந்தோர்.
மூன்றே கட்டம்.

ஐந்தரைக்கு இவர் மணியடிப்பார்,
முழங்காலுக்கு எண்ணெய் தடவிய கை
கயிற்றில் வழுக்கும்.
நான் பழைய சேலையை நாடா நாடாகக் கிழிப்பேன்.
பாசி எடுக்கப் போகும் பெண்கள்
விரல்களில் சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார்கள்,
மத்தியானம் அவிழ்த்து என் முன்னால் நீட்டுவார்கள்.
முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் புண் கட்டியவள் நான்.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?
'புதிதாக வந்தோர்' என்று போடட்டுமா என்றேன்.
'காயம் புதிசுதானே' என்றார். சிரிக்கவில்லை.

தைக் கடைசியில்
பாம்பன் படகு ஒன்று அங்கே பிடிபட்டது.
எட்டுப் பேர்.
அன்று நாடா வாங்க ஒருத்தியும் வரவில்லை.
மீன்காரி கூடையை மூடிக்கொண்டு போனாள்.
டீக்கடையில் ஒருவன், யாருக்கோ சொல்வதுபோல,
'எல்லாம் ஒங்க நேவிதான்' என்றான்.

எங்கள் நேவி.
இவர் அதை வீடு வரை தூக்கி வந்தார்.
அந்த நேவியின் வெளிச்சத்துக்குப் பயந்து
பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு
குழிக்குள் கிடந்த இரவுகளை
எந்தக் கடையில் நின்று சொல்ல?

நாலாம் நாள் இருட்டியபின் சவேரியம்மா வந்தாள்.
அவள் கோயில் வேறு.
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டாள்:
'அங்கன ஒங்களுக்கு யாராச்சும் இருக்காகளா?
கிளாட்வினுக்கு இருமல்.'

இருக்கிறான்.
மன்னாரில் இவருடைய தங்கை மகன், கடலுக்குப் போகிறவன்.
'மாமா, போன கிழமைதான் அவங்கட இழுவைப் படகு
என்ர வலையை அள்ளிக்கொண்டு போனது.
இப்ப நான் அவங்களுக்குச் சவுக்காரம் குடுக்கோணுமோ?'
இவருக்குப் பிரசங்கம் நன்றாக வரும்.
அன்று வரவில்லை.
'உன்ர விருப்பம், தம்பி' என்று வைத்துவிட்டார்.
அந்த இரவு ஜெபத்துக்கு
இரண்டு பேருமே ஆமென் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து
வரவேற்புச் செய்தியின் பின்னால் ஒரு படம் வந்தது.
சிறை வாசல், பொலித்தீன் பை,
இருமல் பாணி, சவுக்காரம், ஒரு துவாய்.
கீழே:
'எட்டுத் துவாய்க்குக் காசில்லை.
வலைக் கணக்கு அப்படியேதான் இருக்கு.'

துவாய் என்றால் என்ன என்று கேட்டாள் சவேரியம்மா.
துண்டு என்றேன்.
'என்ன கலரு?'
படத்தைப் பெரிதாக்கினேன். நீலக்கரை.
வெடித்த விரலால் தொட்டாள்,
படம் நகர்ந்து மதிலுக்குப் போய்விட்டது.
திரும்ப இழுத்துக் கொடுத்தேன்.

மாதக் கடைசி.
'வீடு சந்திப்பு' என்ற கட்டத்தில் இவர் ஒன்று போட்டார்.
அது வீடில்லையே என்றேன்.
நாங்கள் போகவும் இல்லையே என்றேன்.
அழிக்கப் போனவர் அழிக்காமலே விட்டார்.

பெண்கள் திரும்பவும் வருகிறார்கள்.
ஒருத்தி மட்டும் வரவில்லை,
துவாய் கிடைக்காத ஏழு பேரில் ஒருவனின் மனைவி.
அவள் வெறும் விரலோடு இறங்குவதை
இங்கிருந்து பார்க்கலாம்.
அவளுக்கும் சேர்த்துத்தான் கிழிக்கிறேன்.
கம்பியில் தொங்குகின்றன அவளுடைய நாடாக்கள்,
பத்து.